பிறவியிலேயே தீய இனம்: சிறார் விலங்குக் கதைகளில் ஓர் அறச்சிக்கல்

சிறாருக்கான விலங்குக் கதைகளில் சில இனங்கள் பிறப்பிலேயே தீயவையாகக் காட்டப்படுகின்றன. நரி வஞ்சகம் செய்யும், பாம்பு கொல்லும், எலி திருடும், ஓநாய் ஏமாற்றும். கதைக்குள் அந்த விலங்கு தலைகாட்டியதுமே, அது எதையும் செய்வதற்கு முன்பே, அது யார் பக்கம் என்று படிக்கும் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. கதை சொல்பவருக்கு இது வசதியான குறுக்குவழி. அறம் என்ற அளவில் பார்த்தால் இதில் ஒரு முரண் இருக்கிறது.

காட்டில் மானைக் கொல்லும் புலியை யாரும் கொலைகாரன் என்று சொல்வதில்லை. அதற்குப் பசி, வேறு வழி இல்லை. கதையில் வரும் விலங்கு அப்படிப்பட்டதன்று. அது பேசுகிறது, திட்டமிடுகிறது, நட்புக் கொள்கிறது, வாக்குக் கொடுக்கிறது. அதாவது அது ஓர் ஆள். ஆள் என்றால் அதன் செயலைப் பழிக்கலாம், தண்டிக்கலாம். ஆனால் அந்த ஆளால் வேறு மாதிரி நடக்கவே முடியாது, அதன் இரத்தம் அப்படி என்று கதை சொல்லிவிட்டால், பழிப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை. தேர்ந்தெடுக்க முடிந்தால் தீமை முழு இனத்துக்கும் உரியதாகாது. தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது தீமையே ஆகாது. இவ்வகைக் கதைகள் இரண்டையும் ஒருசேரக் கேட்கின்றன.

பஞ்சதந்திரத்தின் இரு குரல்கள்

தமிழில் இந்த விவாதத்தைத் தொடங்க வேண்டிய நூல் பஞ்சதந்திரம். சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக இருந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது; பல தலைமுறை மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்திருக்கிறார்கள். விலங்குகளுக்கு நிலையான குணங்களை ஒட்டவைத்த நூல் என்றே பொதுவாக அதைக் குறிப்பிடுவார்கள். நூலைப் பொறுமையாகப் படிப்பவருக்கு வேறொன்று தென்படும்.

முதல் தந்திரமான மித்திரபேதத்தில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே பகை மூட்டுவது தமனகன் என்னும் நரி. அதைத் தடுத்துப் பேசி, இடித்துரைக்கும் கரடகனும் நரிதான். ஒரே இனம், இரண்டு மனம். 'நரிப் புத்தி' என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது தமனகன் மட்டும் நினைவில் நிற்கிறான், கரடகன் மறக்கப்பட்டுவிடுகிறான்.

இரண்டாம் தந்திரமான சுகிர்லாபத்தில் காகம் எலியின் வளை வாசலுக்கு வந்து நட்புக் கேட்கிறது. எலி உடனே கதவைத் திறந்துவிடவில்லை. நீ தின்பவன், நான் தீனி. நமக்குள் நட்பு எப்படி என்று கேட்கிறது. காரணத்தால் வரும் பகை வேறு, பிறவியால் வரும் பகை வேறு என்று வகை பிரிக்கிறது; முன்னது தீரும், பின்னது தீராது என்கிறது. பிறவிப் பகை என்ற கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. காகம் விடாமல் பேசுகிறது. கடைசியில் இருவரும் நண்பர்களாகிறார்கள். பின்னால் ஆமையும் மானும் சேர்ந்து, வேடனிடமிருந்து ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். எலி சொன்ன தத்துவத்தை எலியின் வாழ்க்கையே மறுத்துவிடுகிறது.

நூலின் முன்கதையும் இங்கே கவனிக்கத்தக்கது. அமரசக்தி என்ற அரசனுக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் படிப்பு ஏறாத மண்டுகள். அவர்களை ஆறு மாதத்தில் அறிவுள்ளவர்களாக்கிக் காட்டுகிறேன் என்று விஷ்ணுசர்மா ஏற்றுக்கொள்கிறார்; செய்தும் காட்டுகிறார். பிறவிக் குணம் மாறாது என்று பல இடங்களில் பேசும் ஒரு நூல், மாற்றவே முடியாது என்று கைவிடப்பட்ட மூன்று பிள்ளைகளை மாற்றுவதற்காகச் சொல்லப்பட்டதாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. பள்ளிக்கூடத்தில் 'இவனுக்கு எங்கே வரும்' என்ற சொல்லைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

காகமும் ஆந்தையும்

பிறவிப் பகைக்கு இந்திய மரபில் மிகப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு மூன்றாம் தந்திரமான சந்திவிக்கிரகத்தில் வரும் காக்கை–ஆந்தைப் போர். காக்கை அரசன் மேகவர்ணனின் கூட்டம் ஆலமரத்தில் வாழ்கிறது. ஆந்தை அரசன் அரிமர்த்தனனின் கூட்டம் மலைக்குகையில் வாழ்கிறது. இரவில் ஆந்தைகள் வந்து காக்கைகளைக் கொல்கின்றன. கிழட்டுக் காக்கை அமைச்சன் சிரஞ்சீவி ஒரு சூழ்ச்சி செய்கிறான். தன் இனத்தாரே தன்னை அடித்துத் துரத்தியதுபோல நடித்து ஆந்தைகளிடம் அடைக்கலம் புகுகிறான். குகை வாசலில் கூடு கட்டுவதாகச் சொல்லிச் சுள்ளி சேர்க்கிறான். கண் தெரியாத பகல் வேளையில் குகைக்குத் தீ வைக்கப்பட்டு ஆந்தைகள் எரிந்து சாகின்றன.

சிறுவர் பதிப்புகளில் இது பெரும்பாலும் 'புத்திசாலிக் காக்கை' கதையாகச் சுருங்குகிறது. காக்கைக்கும் ஆந்தைக்கும் பிறவிப் பகை என்று ஒரு வரியில் தொடங்கிவிடுவார்கள். மூலக்கதையில் அந்தப் பகைக்கு ஒரு தொடக்கம் உண்டு. பறவைகள் எல்லாம் கூடி ஆந்தையை அரசனாக்க முடிவு செய்கின்றன. முடிசூட்டு விழாவுக்கு எல்லாம் தயாரான நேரத்தில் ஒரு காக்கை வருகிறது. சினம் இல்லாதபோதே இவன் முகம் இப்படிக் கொடூரமாக இருக்கிறதே, சினம் வந்தால் எப்படி இருக்கும் என்ற பொருளில் அது ஆந்தையின் தோற்றத்தைப் பழித்துப் பேசுகிறது. கூட்டம் கலைந்துபோகிறது. முடி கிடைக்காத ஆந்தை, அன்று முதல் உன் குலத்துக்கும் என் குலத்துக்கும் பகை என்கிறது.

ஆக, 'பிறவிப் பகை' என்று பெயர் பெற்ற இந்தப் பகை ஒருவன் முகத்தை வைத்து அவன் குணத்தை முடிவுகட்டியதில் பிறந்திருக்கிறது. ஆந்தை எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. ஆளத் தொடங்கக்கூட இல்லை. காரணப் பகைக்குப் பிற்காலத்தார் பிறவிப் பகை என்று பெயரிட்டுவிட்டார்கள். கதையை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவது வியப்பளிக்கிறது. நூலின் மிக நுட்பமான இடம் இதுவே.

அதே தந்திரத்தில் பிறவிக் குணம் மாறாது என்பதற்கான புகழ்பெற்ற கிளைக்கதையும் வருகிறது. முனிவர் ஒருவர் ஓர் எலிக்குஞ்சைப் பெண்ணாக்கி வளர்க்கிறார். மணப்பருவம் வந்ததும் சூரியன், மேகம், காற்று, மலை என்று ஒவ்வொரு மாப்பிள்ளையாகக் காட்டுகிறார். யாரும் பிடிக்கவில்லை, கடைசியில் எலியைத்தான் அவளுக்குப் பிடிக்கிறது, அவள் மறுபடியும் எலியாகிறாள். இந்தக் கதையைச் சொல்பவன் ஆந்தை அமைச்சன் ரக்தாட்சன். சிரஞ்சீவியை நம்பாதே, காக்கை எப்போதும் காக்கைதான் என்று தன் அரசனை எச்சரிக்கவே அவன் இதைச் சொல்கிறான்.

அவன் எச்சரிக்கை பலித்துவிடுகிறது. எனவே அவன் தத்துவமும் சரிதான் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வது இயல்பு. சற்று நின்று பார்த்தால் அப்படியில்லை. சிரஞ்சீவி ஏமாற்றியது காக்கையாகப் பிறந்ததால் அன்று. தன் அரசனோடு கலந்து பேசி, தன் மக்களைக் காக்க ஒரு திட்டம் வகுத்து, உயிரைப் பணயம் வைத்துப் போனான். அது ஒரு முடிவு. ரக்தாட்சனின் ஐயம் சரி. அதற்கு அவன் சொன்ன காரணம் தவறு. மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல வேறுபாடு ஒன்று கிடைப்பது அரிது.

இருபத்தைந்து முட்டைகள்

ரட்யார்டு கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' 1894இல் வெளிவந்தது. அதில் உள்ள 'ரிக்கி-டிக்கி-டாவி' இந்தியப் பின்னணியில் எழுதப்பட்ட சிறார் கதைகளில் மிக அதிகமாகப் படிக்கப்பட்டவற்றுள் ஒன்று. பீகாரின் சுகௌலி படைவீட்டில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பங்களா. அதைக் காக்கும் கீரிப்பிள்ளை. அதன் எதிரிகளாக நாக், நாகைனா என்னும் நாகப்பாம்பு இணை. பாம்புகள் குடும்பத்தாரைக் கொல்லத் திட்டமிடுகின்றன. கீரி நாகைக் கொல்கிறது. அதன் பின் முலாம்பழப் பாத்தியில் இருந்த 25 முட்டைகளைத் தேடிப்போய் ஒவ்வொன்றாக உடைக்கிறது; கடைசி முட்டையை வைத்துக்கொண்டு தாயிடம் பேரம் பேசுகிறது.

இந்த இடத்தில் கதை எந்தத் தயக்கமும் காட்டவில்லை. முட்டைக்குள் இருப்பவை எதையும் செய்யவில்லை. செய்யப்போகும் என்பதே தண்டனைக்குப் போதுமானதாகிறது. நாகைனா பழிவாங்க வருவதுகூடக் கணவனை இழந்தவளின் துயரமாகக் கதையில் இடம்பெறுவதில்லை. கிப்ளிங் கைதேர்ந்த எழுத்தாளர். சண்டைக் காட்சிகளின் விறுவிறுப்பில் குழந்தை இதைக் கவனிக்காது. அந்தத் திறமையே இங்கே சிக்கலைப் பெரிதாக்குகிறது.

கீரியும் பாம்பும் வரும் பழைய கதை பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் தந்திரத்தில் இருக்கிறது. அங்கும் கீரி பாம்பைக் கொன்று குழந்தையைக் காக்கிறது. ஆனால் கதையின் எடை அதில் இல்லை. வாயில் இரத்தத்தோடு வந்த கீரியைக் கண்டு, குழந்தையைக் கொன்றுவிட்டது என்று எண்ணி, வளர்த்தவளே அதைக் கொன்றுவிடுகிறாள். தோற்றத்தைக் கண்டு தீர்ப்புச் சொன்னவர் படும் துயரமே அந்தக் கதை. இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கக் கொடுத்தால் குழந்தைகளே வேறுபாட்டைக் கண்டுகொள்வார்கள்.

கிப்ளிங்கின் வில்லனுக்குத் தமிழில் வழங்கும் பெயர் நல்ல பாம்பு. கடித்தால் உயிர்போகும் என்று தெரிந்தே வைத்த பெயர் அது. அச்சமும் மரியாதையும் கலந்த அந்த வழக்கு வடசென்னையில் கோயிலாகவே நிற்கிறது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வாசுகி என்னும் நாகத்தைத் தன்னுள் ஏற்றுக்கொண்டதால் படம்பக்கநாதர் என்றும் பெயர். ஆண்டில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும் கவசம் விலக்கிக் காட்டப்படும் அந்தப் புற்றைக் காணக் கூட்டம் நெரியும். அதே ஊரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் தடியைத் தேடுவதும் உண்டு. இந்த இரட்டை மனநிலையில் முரண் இருக்கலாம். ஆயினும் பாம்பு என்ற இனமே தீயது என்ற முடிவு அதில் இல்லை.

துறைமுகத்துக்காரர் எழுதிய எலிகள்

இக்காலத்தில் இந்தச் சிக்கலை அதிகம் கிளப்பிய நூல்வரிசை ஆங்கிலத்தில் வந்த 'ரெட்வால்'. அதன் ஆசிரியர் பிரையன் ஜாக்ஸ் (1939–2011) லிவர்பூல் துறைமுகப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். கப்பலில் வேலை பார்த்திருக்கிறார். துறைமுகத் தொழிலாளியாக, லாரி ஓட்டுநராக, பால்காரராக இருந்திருக்கிறார். பால் கொண்டுபோய்க் கொடுத்த பார்வையற்றோர் பள்ளியின் குழந்தைகளுக்குப் படித்துக்காட்டுவதற்காக எழுதியதே முதல் நாவல். 1986இல் அது அச்சானது. வரிசை 22 நாவல்களாக வளர்ந்தது. இராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஒருவர் இப்படி எழுதியிருக்கக் கூடாதா என்று ஏங்கவைக்கும் வாழ்க்கை அது.

மடத்தில் வாழும் சுண்டெலிகள், அணில்கள், அகழெலிகள், வளைக்கரடிகள் நல்லவை. பெரிய எலி, மரநாய் வகைகள், நரி ஆகியவை 'ஒழிக்கப்பட வேண்டியவை' என்று பொருள்படும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. விருந்து, பாட்டு, விடுகதை, வீரம் என்று நூல் முழுவதும் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் யார் நல்லவர் என்பதை வாலும் மூக்குமே முடிவு செய்துவிடுகின்றன.

இந்த விதியை ஜாக்ஸ் ஒருமுறை நேராகவே சோதித்துப் பார்த்தார். 1995இல் வந்த 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' நாவலில், போர்க்களத்தில் கைவிடப்பட்ட ஒரு மரநாய்க் குட்டியைப் பிரையனி என்ற சுண்டெலிப் பெண் எடுத்து வளர்க்கிறாள். குட்டிக்கு வைக்கப்படும் பெயர் வெய்ல். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் தீமை, இழிவு என்று பொருள் தரும் சொற்கள் கிடைக்கும். பெயர் வைத்த அன்றே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வெய்ல் திருடுகிறான், நஞ்சு வைக்கிறான், மடத்திலிருந்து துரத்தப்படுகிறான். கடைசியில் தன் தந்தை எறிந்த ஈட்டிக்குக் குறுக்கே பாய்ந்து, வளர்த்தவளைக் காப்பாற்றி உயிர்விடுகிறான். இத்தனைக்குப் பிறகு பிரையனி வந்து சேரும் முடிவு, அவன் கெட்டவன்தான் என்பது. அவனைச் சந்தேகத்தோடு பார்த்த மடத்தின் கண்கள் அவனை எப்படி வளர்த்தன என்ற கேள்வியை நாவல் கேட்காமலே விட்டுவிடுகிறது. ஓர் ஆசிரியர் தன் கதையின் சிறந்த நிகழ்ச்சியையே புரிந்துகொள்ளாமல் போனதற்கு இது எடுத்துக்காட்டு.

விதிவிலக்குகளை அவர் எழுதாமலில்லை. 'த பெல்மேக்கர்' (1994) நாவலில் வரும் பிளாகட் என்ற கடல் எலி திருந்தி வாழ்கிறான். ஆனால் விதிவிலக்கு என்று ஒன்றைக் காட்டுவதே விதியை உறுதிப்படுத்தும்: 'அவன் மட்டும் நல்லவன்.'

மொழியும் இதற்குத் துணைபோகிறது. ஜாக்ஸின் கடல் எலிகள் பேசுவது துறைமுகக் கொச்சை. அதிகாரிகளைப்போல மிடுக்கான ஆங்கிலம் பேசும் முயல்கள் வீரர்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தவரே அந்த ஊர்ப் பேச்சைக் கெட்டவர்களின் வாயில் வைத்தார். தமிழ்த் திரையில் மெட்ராஸ் பேச்சுக்கு நெடுங்காலம் கிடைத்த இடமும் இதுவே: ஒன்று சிரிப்புக்கு, இல்லையேல் அடியாளுக்கு.

தமிழ்க் குழந்தைகளுக்கு 'ரெட்வால்' அவ்வளவாகத் தெரியாது, 'தி லயன் கிங்' (1994, மறு ஆக்கம் 2019) தெரியும். அதில் தீய சிங்கமான ஸ்காருக்குப் பெயர், வரலாறு, பொறாமை, தனிப்பட்ட காரணம் எல்லாம் உண்டு. அவன் கெட்டதால் சிங்கங்கள் கெட்ட இனம் என்று யாரும் சொல்வதில்லை. கழுதைப்புலிகளில் மூன்றுக்கு மட்டுமே பெயர், மற்றவை கூட்டம். அவை வெளிச்சம் படாத எலும்புக்காட்டில் பட்டினி கிடக்கின்றன; அவற்றுக்கு ஏன் வேட்டை நிலம் இல்லை என்பதைப் படம் பேசுவதில்லை. ஆளும் இனத்தில் தவறு தனிமனிதனுடையது. ஒதுக்கப்பட்ட இனத்தில் தவறு பிறப்பினுடையது.

கதைக்கு வெளியே

இது கதைதானே, குழந்தைகளுக்கு நல்லது கெட்டது தெளிவாகத் தெரிந்தால் போதாதா என்று கேட்பது உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தீமையே இல்லாத கதை சப்பென்று இருக்கும். தமனகனைப் போன்ற வஞ்சகன் குழந்தைக்கு வேண்டும். வேண்டாதது, வஞ்சகனைக் காட்டிவிட்டு அவன் குலத்தையும் சேர்த்துக் கட்டிவைப்பது.

ஏனெனில் அந்தக் கற்பனை கதையோடு நின்றதில்லை. 1871இல் பிரிட்டிஷ் இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. சில சமூகங்களில் பிறந்தவர்கள், எதையும் செய்வதற்கு முன்பே, கைரேகை பதிய வேண்டும்; காவல் நிலையத்தில் தங்களைக் காட்ட வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்து 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பகுதியின் பெருங்காமநல்லூரில் திரண்ட மக்கள் சுடப்பட்டார்கள். நாடு முழுவதும் சட்டம் நீக்கப்பட்டது 1952இல். கிப்ளிங்கின் கதை வந்தபோது அச்சட்டம் வட இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. உடைக்கப்பட்ட முட்டைகளுக்கும் பதியப்பட்ட கைரேகைகளுக்கும் அடியில் இருந்த நம்பிக்கை ஒன்றே.

சட்டம் போன பின்னும் பழக்கம் போகவில்லை. துறைமுகம், ஆலைகள், அனல்மின் நிலையத்துச் சாம்பல், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் என்று கிடக்கும் வடசென்னையின் பிள்ளைகள் வேலைக்கோ கல்லூரிக்கோ போய் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தில் வரும் மாற்றத்தை நன்கு அறிவார்கள். திரைப்படங்கள் அடியாட்களின் ஊராகவே அப்பகுதியை நீண்ட காலம் காட்டின. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) போன்ற படங்கள் அங்கே கால்பந்தும் குத்துச்சண்டையும் படிப்பும் குடும்பமும் உண்டு என்று காட்டிய பின்புதான் பேச்சு கொஞ்சம் மாறியது. எலும்புக்காட்டுக் கழுதைப்புலியைப் பார்த்துக் கைதட்டும் எண்ணூர்க் குழந்தை, தன்னை எந்தக் கூட்டத்தில் வைத்துப் பார்க்கிறது என்பது சின்னக் கேள்வியன்று.

எழுத்தாளர்களில் சிலர் மறுபக்கத்தை எழுதிப் பார்த்திருக்கிறார்கள். கென்னத் கிரகாமின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' (1908) நாவலில் செல்வந்தத் தேரையின் மாளிகையைக் கைப்பற்றும் காட்டு மரநாய்களின் கோணத்திலிருந்து ஜேன் நீடில் 'வைல்ட் வுட்' (1981) என்ற நாவலை எழுதினார். பசியும் வேலையின்மையும் அதில் பேசப்படுகின்றன. தமிழில் ஆந்தைகளின் பக்கமிருந்து சந்திவிக்கிரகத்தைச் சொல்ல இடம் காலியாகவே இருக்கிறது.

அதற்கு வேண்டிய தொடக்கம் பழைய நூலிலேயே உள்ளது. சுருக்கப் பதிப்புகளில் ஆந்தைகள் அனைத்தும் எரிந்து அழிந்ததாகக் கதை முடிந்துவிடுவதுண்டு. வடமொழி மூலத்தில் ரக்தாட்சன் தன் சொல் அரசவையில் எடுபடாது என்று கண்டதும், தன்னைச் சேர்ந்தவர்களைக் கூட்டி நிலைமையைச் சொல்கிறான். தீ வைக்கப்படுவதற்கு முன்பே அவர்கள் குகையை விட்டு வேறொரு மலைக்குப் போய்விடுகிறார்கள்.